முதலை அழுத சம்பா

சிகாமணியைத் தின்ற முதலை அன்றைக்கு உச்சிவெயில் ஏறும் முன்பே கொள்ளிடத்தை விட்டுக் கரையேறி, கோரை அறுப்பவர்கள் கட்டுகளை அடுக்கிவைக்கும் மேட்டில் முகத்தை ஊர்ப்பக்கம் வைத்துப் படுத்துக்கொண்டு, வாயைத் திறக்காமலே தொண்டைக்கு அடியிலிருந்து எழும் ஒரு குரலில் அழத் தொடங்கியது. முதலை அழுமா என்று எருக்கந்திட்டில் ஒருவரும் கேட்கவில்லை. செத்தது யார் என்றுதான் கேட்டார்கள். மேட்டுக்குக் கீழே சேற்றில் கிடந்த பச்சைத் துண்டையும் கோரை அரிவாளையும் பார்த்ததும் அதுவும் தெரிந்துபோயிற்று.

எருக்கந்திட்டில் சாவுக்கென்று ஒரு முறை உண்டு. ஒரு வீட்டில் உயிர் பிரிந்துவிட்டதென்று ஊருக்கே தெரிந்திருந்தாலும், அந்த வீட்டிலிருந்து முதல் அழுகை கேட்கும்வரை பங்காளியானாலும் சம்பந்தியானாலும் வாசலை மிதிக்க மாட்டார்கள். ஆண்கள் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டும் பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டும் தெருமுனையில் காத்து நிற்பார்கள். முதல் அழுகை செத்தவருக்கு மிக நெருங்கியவருடையது. அதை அவர் அழ வேண்டும், பிறகுதான் ஊர் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழும். அழுது தீர்ந்த பிற்பாடு, அந்தச் சாவுக்கு உரிய இன்னொருவர் கையில் தண்ணீர் ஏந்தி, முதலில் அழுதவர் வாயில் விட்டு, போதும் என்று சொல்ல வேண்டும். அதற்கு அமர்த்துவது என்று பெயர். முதல் அழுகையை அமர்த்தாத வரைக்கும் அந்தச் சாவுக்கு வேறொரு முதல் அழுகை கிடையாது.

அன்றைக்கு நடந்த தப்பு இந்த முறையால் வந்தது. கரையில் அழுகுரல் கேட்டதும், களத்துமேட்டில் எள் புடைத்துக்கொண்டிருந்த ராசாம்பாளும் அவளோடு இருந்த பெண்களும், அழுகுரல் கேட்டால் ஓடியே பழகிய கால்களோடு முறத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஓடுகிற ஓட்டத்திலேயே கொண்டையை அவிழ்த்தார்கள். முதலைக்கு ஒரு படகுக்கோல் தூரத்தில் வட்டமாக உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டார்கள். ஊர் கூட அழுதுவிட்டதால் முதலையின் குரலே அந்தச் சாவுக்கு முதல் அழுகை ஆகிவிட்டது.

"என்னையக் கேட்டா?" என்றாள் ராசாம்பாள், பிற்பாடு அதைப் பற்றிப் பேச்சு வந்தபோதெல்லாம். "அழுவுற சத்தம் கேட்டா உக்காந்து அழுவுறதுதான எனக்குத் தெரியும்? அழுவுறது யாருன்னு மூஞ்சியப் பாத்துட்டா அழுவாங்க?"

முதல் அழுகையை அழ வேண்டியவள் பூங்காவனம். சிகாமணியின் அக்கா. அம்மா காமாலையில் போனபோது சிகாமணி இடுப்பில் தூக்கிவைத்துக்கொள்ளும் பிள்ளை; அன்று அவனைத் தூக்கி இடுப்பில் வைத்தவள், பெண் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் பிள்ளையைக் காட்டி, இது ஆளாகட்டும் என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்துப்போனாள். பிள்ளை ஆளானான். கோரை அறுக்கப் போனான். வேலை முடிந்து தெருவுக்குள் நுழையும்போது மினிபஸ் ஆரன் மாதிரி விசிலடிப்பான், தெருநாய்கள் ஒதுங்கி வழிவிடும். நையாண்டி ஒன்று சொல்ல வாயெடுத்தால் சொல்லி முடிப்பதற்குள் தானே சிரித்துவிடுவான், கடைசிவரை அது என்னவென்று யாருக்கும் தெரியாது. எலுமிச்சை ஊறுகாயின் விதைகளைத் துப்பாமல் தட்டின் விளிம்பில் வரிசையாக அடுக்குவான். அக்காளும் தம்பியும் எதிரெதிரே இரண்டு தட்டு வைத்துச் சாப்பிடுகிற வீடு அது. தை பிறந்தால் பெண் பார்க்கப் போவதாக இருந்தார்கள்.

பூங்காவனம் இறால் உரிக்கும் கம்பெனியில் இருந்தாள். அங்கே உள்ளே போகும்போதே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். வேன் அவளை ஊர் வளைவில் இறக்கிவிட்டபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது, கையெல்லாம் இறால் நாற்றம், விரல்கள் ஐஸில் விறைத்திருந்தன. தெரு முழுக்க அழுதுகொண்டிருந்தது. அவளைக் கண்டதும் பெண்கள் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள், உன் ராசா போயிட்டானேடி என்றார்கள். அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அழுகை இல்லாமல் இல்லை, அது அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டைவரை வந்தது. அங்கே ஏற்கெனவே யாரோ உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. கரைப்பக்கமிருந்து முதலையின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

உடம்பு கிடைக்கவில்லை. வைக்கோலில் ஆள் செய்து, சிகாமணியின் சட்டையை மாட்டிக் கொளுத்தினார்கள். அப்போதும் அவள் அழவில்லை.

"தின்ன முதலையே அழுவுது, வளத்தவ குத்துக்கல்லாட்டம் நிக்கிறாளே," என்று ஒருத்தி சொன்னாள்.

"அதுக்காவது வயித்துல இருக்கான். இவளுக்கு எங்க இருக்கான்?" என்றாள் இன்னொருத்தி.

பூங்காவனம் இரண்டையும் கேட்டாள். கேட்டுக்கொண்டே வைக்கோல் எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர் முதலையைத் தன் வழக்கத்துக்குள் சேர்த்துக்கொண்டுவிட்டது. துக்க வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பதால் தெருவுக்கு ஒருநாளாக அதற்குச் சோறு போயிற்று, அது தொடவில்லை. சோற்றைத் தொடாததோடு ஆற்றுப்பக்கம் திரும்பவும் இல்லை, நாரைகள் முதுகில் வந்து உட்கார்ந்தால் வாலைக்கூட அசைக்கவில்லை. அதனால் மரியாதை கூடிற்று. முதலை என்று சொல்வதை விட்டுவிட்டுத் துக்கக்காரர் என்றார்கள். வெளியூரிலிருந்து சாவுக்கு வந்தவர்கள் பூங்காவனத்தை விசாரித்த கையோடு கரைக்கும் போய்த் தள்ளிநின்று அதையும் விசாரித்தார்கள். கிளம்பும்போது, துக்க வீட்டில் சொல்லாமல் போவது போலவே, சொல்லாமல் திரும்பிப் பார்க்காமல் போனார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் பூங்காவனம் செம்பை எடுத்துத் துலக்கினாள். அமர்த்த வேண்டியவள் அவள்தான், அதில் யாருக்கும் ஐயமில்லை. ஒரு கை தண்ணீர் அதன் வாயில் விட்டுப் போதும் என்று சொன்னால் தொண்டையில் உட்கார்ந்திருப்பது எழுந்து போகும், தன் தம்பிக்குத் தான் அழலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அவள் வாசல் தாண்டுவதற்குள் நாட்டாண்மை கலியமூர்த்தி நாலைந்து பேரோடு வந்துவிட்டார்.

அந்த வருஷம் காவிரியில் தண்ணீர் வரவில்லை. வந்த கொஞ்சமும் மேலேயே நின்றுவிட்டது, எருக்கந்திட்டு கடைமடை. கடல் மட்டும் ஆற்றுவழியே உள்ளே வந்து கிணறுகளை உப்பாக்கிவிட்டிருந்தது. விதைத்தவர்கள் நாற்றங்காலைப் பார்க்கவே போகாமல் இருந்தார்கள். அப்படியிருக்கும்போது கலியமூர்த்தியின் நாற்றங்கால் பச்சை கட்டியது. எங்கிருந்து ஈரம் என்று வரப்பு வரப்பாகத் தேடிப் போனவர் மேட்டில் போய் நின்றார். துக்கக்காரரின் இரண்டு கண்ணிலிருந்தும் வழிந்தது மேட்டை அரித்து, வண்டித்தடத்தில் இறங்கி, காய்ந்து வெடித்துக் கிடந்த தலைவாய்க்காலில் கணுக்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து நாக்கில் வைத்தார். உப்பே இல்லை. இளநீர் மாதிரி இருந்தது.

"தங்கச்சி," என்றார் கலியமூர்த்தி, அவள் கையிலிருந்த செம்பைப் பார்க்காமல். "உன் நாயத்துல குறுக்க நிக்கல. ஆனா வாய்க்கால்ல தண்ணி வருது."

"பாத்தேன்ணே."

"அறுப்பு வரைக்கும் பொறுத்துக்க. ஊரு மொத்தமும் கேக்குது."

"நான் அழுவணும்ணே."

"அழுவலாம்மா. யாரு வேணாங்கறா? தையில அழுவலாம். நெல்லு வீடு வந்து சேந்துட்டா ஊரே உன்கூட உக்காந்து அழும், எத்தினி நாளு வேணாலும் அழும். இப்ப அத அமத்திட்டீன்னா…" பின்னால் நின்றவர்களில் ராசாம்பாளின் மருமகள் கைப்பிள்ளையோடு நின்றாள். பிள்ளை செம்பின் பளபளப்பைப் பிடிக்கக் கையை நீட்டியது.

பூங்காவனம் செம்பைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

பிறகு கூண்டு வந்தது. பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் சொல்லி, வனத்துறை ஆட்கள் லாரியில் இரும்புக் கூண்டு ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஊர் லாரியின் முன்னால் உட்கார்ந்துவிட்டது. ஆளைத் தின்ற முதலை, நாளைக்கு இன்னொருத்தரைப் பிடித்தால் யார் பதில் சொல்வது என்று அவர்கள் கேட்டதற்கு, "துக்கத்துல உக்காந்திருக்கிறவரத் தூக்கிட்டுப் போவீங்களா, உங்க ஊருல அப்படித்தானா?" என்றாள் ராசாம்பாள். அவர்களோடு வந்திருந்த கால்நடை மருத்துவர் நசீர் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டில் ஏறினார். முதலையின் பக்கத்தில் குந்தி, கண்ணுக்குக் கீழே விரலை வைத்து எடுத்து முகர்ந்தார். ஊரில் எல்லோரும் செய்ததைப் போல நாக்கிலும் வைத்துப் பார்த்தார்.

கீழே இறங்கி வந்து அவர் ஒரு கதை சொன்னார். இங்கிலீஷ்காரர்கள் பேச்சில் முதலைக் கண்ணீர் என்றால் பொய் அழுகை, அதுதான் இங்கேயும் வந்து மேடையில் ஒருத்தரை ஒருத்தர் சொல்லிக்கொள்கிறார்கள் என்றார். ரொம்பக் காலத்துக்கு முன்னால் அவர்கள் நாட்டு யாத்திரிகர்கள் தூரதேசத்துக்குப் போய்த் திரும்பி, அங்கே ஆறுகளில் ஒரு பிராணி இருக்கிறது, அது மனுஷனைத் தின்னும், தின்னும்போதே கண்ணீர் விடும் என்று சொன்னார்களாம். கேட்டவர்கள் ஒருத்தரும் முதலையைக் கண்டதில்லை. அழுதுகொண்டே தின்னுமா, அப்படியானால் வேஷம்தான் என்று வைத்துக்கொண்டார்கள். சிலர் இன்னும் ஒரு படி போய், அது அழுவதே ஆளைக் கிட்டத்தில் வரவழைத்துப் பிடிக்கத்தான் என்றார்கள். "உள்ளது என்னன்னா, இரையைக் கடிச்சு விழுங்கும்போது அதோட கண்ணுல தண்ணி கசியும். அவ்ளோதான். அழுகையும் இல்ல, பொய்யும் இல்ல."

ஊர் சிரித்தது. "பொய்யா அழுது ஒருத்தரு வாய்க்கா ரொப்ப முடியுமா டாக்டரு? எங்க நாட்டாண்மைய அழச் சொல்லுங்க பாப்பம்."

பின்னால் நின்றிருந்த பூங்காவனம் சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அப்ப இது பொய்யா அழுவுதா சார்?"

நசீர் அவளைப் பார்த்ததும் யார் என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "தின்னாத்தாம்மா கண்ணுல தண்ணி வரும். இது எதையும் தின்னக் காணோம்," என்றார். "எனக்குத் தெரியல."

"பொய்யின்னா நல்லாருக்கும் சார்," என்றாள் பூங்காவனம். "பொய்யின்னா எந்திரிச்சுப் போடான்னு சொல்லிடுவேன். நெசமா அழுவுறதப் போய் எப்படி நிறுத்தச் சொல்றது?"

கூண்டு காலியாகத் திரும்பிற்று.

சம்பா வளர்ந்தது. எருக்கந்திட்டில் எவரும் கண்டிராத சம்பா. வாய்க்கால் முழங்காலுக்கு ஏறியது, ஊர் அந்தத் தண்ணீரில்தான் சமைத்தது, குளித்தது, மாட்டுக்குக் காட்டியது. ஆற்றோடு போனவன் வீட்டில் அந்த ஆற்றுக்கரைத் தண்ணீர் புழங்கக்கூடாது என்பதால் பூங்காவனம் மட்டும் கோயில் பக்கத்து அடிபம்பில் உப்புத்தண்ணீர் பிடித்துக் குடித்தாள். கம்பெனிக்குப் போனாள், வந்தாள். இரண்டு தட்டு வைத்துச் சாப்பிட்டாள்.

முதலில் விசில்தான் வந்தது. ராசாம்பாளின் பேரன், பேச்சே வராத பிள்ளை, தெருவில் உட்கார்ந்து மினிபஸ் ஆரன் மாதிரி விசிலடித்தது. நாய்கள் ஒதுங்கின. பிறகு டீக்கடையில் ஒருத்தர், யாரும் சொல்லித்தராமல், ஊறுகாய் விதைகளைத் தட்டின் விளிம்பில் அடுக்கினார். பெண்கள் நாற்று நடும்போது ஒரு நையாண்டியைத் தொடங்கி முடிப்பதற்குள் சிரித்தார்கள், வரிசை முழுக்க சிரித்தது, என்ன நையாண்டி என்று எவளுக்கும் தெரியவில்லை. சிகாமணி சின்னவயதில் வௌவாலுக்குப் பயந்து அக்காவின் புடவைக்குள் புகுந்துகொண்டது, காய்ச்சலில் அவள் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பாலத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தது, எல்லாம் ஊரில் ஒவ்வொருவருக்கும் தங்களுக்கு நடந்தது போலவே நினைவிருந்தது. அதைப் பற்றியும் யாரும் வியந்து பேசவில்லை. தண்ணீரில் இருப்பது வயிற்றுக்குள் வருகிறது என்றார்கள். நல்ல பிள்ளை, ஊருக்குள்ளேயே இருக்கிறான் என்றார்கள்.

ஊருக்குள் வந்துசேர்ந்த ஒவ்வொன்றும் பூங்காவனத்திடமிருந்து போயிற்று. அழாத அழுகை உள்ளே நின்று, இருந்ததையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஊறவைத்து அழித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் இறாலை உரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று கையை நிறுத்தினாள். தம்பியின் குரல் எப்படி இருக்கும் என்று யோசித்தாள், வரவில்லை. இன்னொரு நாள் அவன் எந்தப் பக்கம் மடித்துக் கைலி கட்டுவான் என்பது போயிற்று. மார்கழிப் பனியில் ஒரு விடியலில் எழுந்து உட்கார்ந்தவளுக்கு அவன் முகம் இருந்த இடத்தில் வெறும் வெளிச்சம் இருந்தது.

கலியமூர்த்தி வீட்டுக்கு ஓடினாள்.

"அண்ணே, மறக்குதுண்ணே. அவன் மூஞ்சி மறக்குது. இன்னிக்கு அமத்திடுறேன்ணே, என்னைய வுட்டுடுங்க."

அவர் பல்துலக்கிக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துவிட்டுத் தலை குனிந்து நின்றார். "கதிரு பால் புடிக்கிற நேரம்மா. இப்ப தண்ணி நின்னா அத்தனையும் பதரு. இன்னும் கொஞ்ச நாளு. இத்தினி நாளு பொறுத்துட்ட, உன்ன மாதிரி…" அவளை எதையாவது சொல்லித் தேற்ற நினைத்து ஒரு வேடிக்கையைத் தொடங்கினார், முடிப்பதற்குள் சிரித்துவிட்டார். சிரிப்பு வந்ததும் அவரே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

பூங்காவனம் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும். யாருடையது என்று தெரியவில்லை.

"இன்னொரு வாட்டி சிரிண்ணே," என்றாள்.

அவரால் முடியவில்லை. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கம்பெனி வேனுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் போய்க் கேட்கவில்லை.

தையில் அறுத்தார்கள். களத்தில் நெல் குவிந்தது. கடைசி வண்டி வீடு சேர்ந்த அன்று கலியமூர்த்தி சொன்ன சொல் மாறாமல் ஊரைக் கூட்டிக்கொண்டு பூங்காவனத்தின் வாசலுக்கு வந்தார். செம்பை ராசாம்பாளே துலக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"வா பூவனம். துக்கக்காரர அமத்தணும். நேரம் வந்துடுச்சி."

"நானா?" என்றாள் பூங்காவனம்.

"நீதாண்டி," என்றாள் ராசாம்பாள்.

அவள் மறுப்பு சொல்லவில்லை. ஊரில் ஒரு காரியத்துக்குக் கூப்பிட்டால் போகிறவள்தான். மேட்டில் ஏறினாள், ஊர் கீழே நின்றது. முதலை இளைத்துப்போயிருந்தது, முதுகுச் செதில்களுக்கு இடையில் பாசி காய்ந்திருந்தது, கண்களுக்குக் கீழே நீர் ஓடி ஓடி இரண்டு பள்ளம் விழுந்திருந்தது. பூங்காவனம் பயமில்லாமல் அதன் முகத்துக்கு நேரே குந்தி உட்கார்ந்தாள். கையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். பிறகு, துக்க வீட்டுக்குப் போனால் யாரும் கேட்பதைப் போலத் தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"யாரு தவறிட்டாங்க? இம்மாம் அழுவுற?"

கீழே ஊர் நின்றது. எல்லோர் நாக்கிலும் அவன் பெயர் இருந்தது, தொண்டைக்குள் அவன் விசில் இருந்தது.

"ரொம்ப வேண்டியவங்க போலிருக்கு," என்றாள் பூங்காவனம் முதலையிடம். "என்ன பண்றது. அழுதா வந்துடப் போறாங்களா? உடம்ப என்னாத்துக்குக் கெடுத்துக்கிற. போதும், அழாத. போதும்." அதன் வாயோரத்தில் தண்ணீரை விட்டாள். ஈரக்கையால் கண்ணிரண்டையும் துடைத்தாள். முதலை அவளை ஒருமுறை பார்த்தது, கண்ணை மூடிற்று, குரல் நின்றது. இத்தனை மாதமும் கேட்டுக்கேட்டு ஊர் மறந்தே போயிருந்த அந்தக் குரல் நின்றதும்தான் எவ்வளவு சத்தம் இருந்தது என்பது தெரிந்தது. அது திரும்பி மெல்ல நடந்து ஆற்றில் இறங்கிப் போயிற்று. வண்டித்தடத்தில் நீர் ஓடுவது நின்றது.

மேட்டிலிருந்து இறங்கி வந்த பூங்காவனம் கூட்டத்தைப் பார்த்தாள். "ஏன் எல்லாம் இப்படி நிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

அவள் பின்னாலேயே புதுநெல் போயிற்று. யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை, வீட்டுக்கு ஒரு படியாகக் கொண்டுபோய் அவள் வாசலில் கொட்டினார்கள், குவியல் இடுப்புயரம் வந்தது. ராசாம்பாள் மட்டும் நெல்லாகக் கொண்டுபோகாமல் குத்திய அரிசியாக முறத்தில் கொண்டுபோய்க் கொடுத்து, "புது அரிசி. உப்புத்தண்ணியில போடாத, வாய்க்காத் தண்ணி பானையில கொண்டாந்திருக்கேன். பொங்கிச் சாப்புடு," என்றாள்.

"இம்மாம் எதுக்கு? நான் ஒருத்திதான?"

ராசாம்பாள் அங்கே நிற்கவில்லை. நேரே தெருமுனைக்கு வந்தாள். அங்கே ஊர் நின்றிருந்தது. ஆண்கள் துண்டை இடுப்பில் இறுக்கியிருந்தார்கள். பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கொண்டையை அவிழ்த்தார்கள். முறைப்படி, முதல் அழுகை கேட்கும்வரை யாரும் வாசலை மிதிக்கக்கூடாது. வெயில் ஓட்டுக்கூரைகளில் நின்றது. பூங்காவனத்தின் வீட்டிலிருந்து அடுப்புப் புகை வந்தது, கஞ்சி வடிக்கிற வாசனை வந்தது.

உள்ளே அவள் சோற்றை இறக்கினாள். கை பழக்கத்தில் இரண்டு தட்டை எடுத்து எதிரெதிரே வைத்து இரண்டிலும் போட்டது. இரண்டாவது தட்டில் ஊறுகாயும் வைத்தது. வைத்துவிட்ட கையை அவள் பார்த்தாள், பிறகு அந்தத் தட்டைப் பார்த்தாள். ஒன்றும் புரியாமல் தன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டு மென்றாள்.

தெருமுனையில் நின்றவர்களுக்கு முதலில் ஒரு விசில் கேட்டது. மினிபஸ் ஆரன் மாதிரி, பாதியில் அறுந்த விசில். நாய்கள் எழுந்து ஒதுங்கின. பிறகு அந்த வீட்டிலிருந்து முதல் அழுகை எழுந்தது.

ஊர் ஓடியது. கலியமூர்த்தி வாசல்படியில் தலையை வைத்து விழுந்தார். பெண்கள் உள்ளே போய் இரண்டு தட்டுக்கும் நடுவில் கிடந்தவளைத் தூக்கிக் கட்டிக்கொண்டார்கள். அவள் பெயர் சொல்லி அழுதாள், வௌவாலைச் சொல்லி அழுதாள், பாலத்தைச் சொல்லி அழுதாள், தைக்குப் பார்க்க இருந்த பெண்ணைச் சொல்லி அழுதாள். அவள் கண்ணீர் உப்பாக இருந்தது. சாயந்திரம் ஆயிற்று, அவள் ஓயவில்லை. எவ்வளவு நேரம் அழவிடுவது, யாராவது அமர்த்துங்களேன் என்று வெளியூரிலிருந்து வந்திருந்த ஒருத்தி சொன்னாள்.

எல்லோரும் ராசாம்பாளைப் பார்த்தார்கள். அவள் கையில்தான் செம்பு இருந்தது. ராசாம்பாள் எழுந்து வெளியே வந்தாள். செம்பிலிருந்த தண்ணீரை வாசலில் கொட்டினாள். கவிழ்த்து உதறிச் சொட்டு இல்லாமல் ஆக்கிவிட்டு, திரும்ப உள்ளே போய்ப் பூங்காவனத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.